ஆற்றுக்கு மதிப்பெண் போடும் பெட்டி: மினிசாஸ் குறித்து ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியலும், சனிக்கிழமை காலைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழும் கற்பித்து வருகிறேன். பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று பாடம் நடத்துவதற்கு உதவும் பொருள் எதுவாயினும் வாங்கிப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தவணை முடிவதற்குள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். அப்படிப் போகாமல் இரண்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டிலேயே இருப்பது ஒன்றே ஒன்று: பெட்டியாக வாங்கிய மினிசாஸ் என்னும் ஆற்றுச் சோதனை முறை. அந்தப் பெட்டியை வாங்கலாமா என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பதில் சற்று விசித்திரமானது: முறையை எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியை விட்டுவிடலாம்.

முதலில் முறையைப் பற்றிச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்க நீரியல் அறிஞர்கள் ஆறுகளின் நலத்தை அளக்க சாஸ் என்றொரு மதிப்பெண் முறையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆற்றுநீரில் வாழும், கண்ணால் பார்க்கக்கூடிய அளவுள்ள முதுகெலும்பில்லாத சிற்றுயிர்களை வைத்து ஆற்றின் நிலையைக் கணிப்பது அதன் அடிப்படை. ஆனால் அதில் 90க்கும் மேற்பட்ட உயிரினக் குடும்பங்களை அடையாளம் காணவேண்டும் என்பதால் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே அது கைவரும். 2004இல் ஆய்வுலகில் அறிமுகமான மினிசாஸ் அந்தப் பட்டியலை 13 கூட்டங்களாகச் சுருக்கியது. தட்டைப்புழு, புழு, அட்டை, நண்டும் இறாலும், கல் ஈ, இருவகை மே ஈக்கள், ஊசித்தட்டான், தட்டான், நீர்வண்டும் நீரில் வாழும் மூட்டைப்பூச்சி இனமும், கேடிஸ் ஈ, கொசு முதலிய ஈக்களின் இளம்புழு, நத்தை என்பவையே அந்தப் பதின்மூன்று. இவற்றில் கல் ஈ, மே ஈ, கேடிஸ் ஈ ஆகியவை இளம்பருவத்தை நீரில் கழித்து, வளர்ந்தபின் பறக்கும் பூச்சிகள். மாசை எந்த அளவுக்குத் தாங்க மாட்டாதோ அந்த அளவுக்கு அதிக மதிப்பெண். கல் ஈக்கு 17; புழுவுக்கும் அட்டைக்கும் 2. கண்ட கூட்டங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரியே ஆற்றின் மதிப்பெண். மணற்படுகைக்கு ஒன்றும் பாறைப்படுகைக்கு ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் உண்டு. இயற்கை நிலை என்பதில் தொடங்கி மிக மோசம் என்பது வரை ஐந்து படிகளில் ஒன்றில் ஆறு வந்து நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்தது, ஆறு தானே வாய் திறந்து சாட்சி சொல்வதுதான். நீரில் தோய்த்து நிறம் பார்க்கும் தாள்கள் அந்த நிமிடத்து நீரைப் பற்றி மட்டுமே சொல்லும். காலையில் ஒரு தொழிற்சாலை கழிவைத் திறந்துவிட்டு மதியத்துக்குள் அது அடித்துச் செல்லப்பட்டிருந்தால் தாளுக்குத் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் நீருக்குள்ளேயே வளரும் இளம்பூச்சிகள் எங்கும் ஓடிவிட முடியாது. குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த ஓடுநீரன்றி வாழாத கல் ஈ ஒரு கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், கடந்த சில மாதங்களாக அங்கே நீர் நன்றாகவே இருந்திருக்கிறது. மறுபக்கம், நம் இரத்தத்தில் உள்ள அதே வகைச் செந்நிறப் புரதத்தால் சிவந்திருக்கும், கொசுவை ஒத்த ஓர் ஈயினத்தின் இளம்புழுக்கள் உயிர்வளி குறைந்த சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். இதைச் சொன்னதும், அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற ஒரு பையன் தட்டின் மேல் கவிழ்ந்துவிட்டான்.

எங்கள் முதல் சோதனை சாட்ஸ்வொர்த்தின் வடக்கே ஓடும் உம்ஹ்லதுசானா ஆற்றில் நடந்தது. 34 பிள்ளைகளை ஆறு குழுக்களாகப் பிரித்து, முன்னிரு நாள்கள் பள்ளி மைதானத்திலேயே வலை பிடிக்கவும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் பழக்கிவிட்டே அழைத்துச் சென்றேன். ஐந்து நிமிட நேரம் கற்களைப் புரட்டியும், கரையோரப் புற்களை வலையால் அளைந்தும், மணலைக் காலால் கிளறியும் வந்ததையெல்லாம் வெள்ளைத் தட்டில் கொட்டினோம். புழு, அட்டை, நத்தை, ஈயின் இளம்புழு, நீர்வண்டு என ஐந்து கூட்டங்கள் மட்டுமே கிடைத்தன. 2, 2, 4, 2, 5, மொத்தம் 15, ஐந்தால் வகுக்க 3. மிக மோசம். சராசரி என்பதை அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தங்கள் கையால் கண்டுபிடித்தார்கள், அதுவும் கரும்பலகையில் இல்லை, ஆற்றங்கரைக் கல்லின் மேல் சுண்ணக்கட்டியால். அன்று மாலை பல வீடுகளில் இந்த மூன்று என்ற எண் பேசப்பட்டதாகப் பெற்றோர் சொன்னார்கள்.

இரண்டாவது முறை வேன் வைத்துக்கொண்டு ஹோவிக் பக்கம் மலைச்சரிவில் ஒரு பாறையோடைக்குப் போனோம். சுற்றுச்சூழல் கல்விக்கென்று வெஸ்ஸா என்னும் தென்னாப்பிரிக்க வனவுயிர், சுற்றுச்சூழல் அமைப்பு நடத்தும் உம்கேனி பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகமும், 95 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஹோவிக் அருவியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்த நாட்டில் 2003 முதல் பசுமைப் பள்ளித் திட்டத்தை நடத்தி வருவதும் அதே அமைப்புதான். அந்த ஓடையில் கல் ஈ, இருவகை மே ஈக்கள், கேடிஸ் ஈ, தட்டான், நண்டு, நீர்வண்டு என ஏழு கூட்டங்கள் கிடைத்தன. மொத்தம் 59, சராசரி எட்டரைக்குச் சற்றுக் குறைவு. மூன்றுக்கும் எட்டரைக்கும் இடையில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்டபோது, உணவு வலை, நீர் சுத்திகரிப்பு ஆகிய இரண்டு பாடங்களை நான் தனியாக நடத்தவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

இனிக் குறைகள். முதலாவது, முறையிலேயே உள்ளது. எண்ணிக்கைக்கு இதில் இடமில்லை. ஓர் அட்டை இருந்தாலும் நூறு அட்டைகள் இருந்தாலும் ஒரே மதிப்பெண்தான். அதைவிட முக்கியமானது, கல் ஈயின் 17. உம்ஹ்லதுசானாவில் ஒரு குழு, ஏதோவொரு துணுக்கைக் கல் ஈ என்று குறித்துவிட்டது. 15 உடன் 17 சேர்ந்து 32 ஆகி, ஆறால் வகுக்க ஐந்தைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு தவறான குறியீட்டால் ஆறு ஒரு படி மேலே ஏறியது. இரண்டு வால் என்றால் கல் ஈ, மூன்று வால் என்றால் மே ஈ என்று எளிமையாகச் சொல்லிவிட்டால் இப்படித்தான் ஆகும்; போதாக்குறைக்கு, சில மே ஈக்களுக்கும் இரண்டே வால்கள்தாம். வயிற்றின் இருபுறமும் இலைபோல் செவுள்கள் வரிசையாக இருந்தால் அது மே ஈ. கால்கள் பொருந்தும் இடத்தில் குஞ்சம்போல் செவுள்கள் இருந்தால் கல் ஈ. பாதத்தில் ஒரு நகமா இரண்டு நகமா என்றும் பார்க்கலாம். இதை எனக்கு நானே கற்பித்துக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு முன் ஆசிரியர் தனியாக இரண்டு முறையாவது ஆற்றில் இறங்கியிருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இரண்டாவது, இந்த மதிப்பெண்ணை நீர் குடிக்கத் தக்கதா என்பதற்கான சான்றாக யாரும் கொள்ளக்கூடாது. மலக்கிருமிகள் எவ்வளவு என்று பூச்சிகள் சொல்லமாட்டா. குளம், அணை, சதுப்பு, கழிமுகம் ஆகியவற்றுக்கும் இந்த முறை பொருந்தாது; ஓடும் நீருக்கு மட்டுமே. எங்கள் குவாசூலு நத்தால் மாகாணத்தின் ஆறுகளில் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா நோய் உண்டு என்பதால், ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் நான் நீரில் இறக்குவதில்லை. கரையேறியதும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படும். மழைக்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் மார்ச் வரை, போகவே கூடாது. ஆறு பெருகியிருக்கும்போது பூச்சிகள் அடித்துச் செல்லப்பட்டு மதிப்பெண்ணும் பொய்த்துவிடும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை: உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை 1905இல் வெள்ளம் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்.

பெட்டிக்கு வருவோம். நான் வாங்கிய தொகுப்பு, கல்விக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் கட்டிக் கொடுத்தது. வலையின் கைப்பிடி மூன்றாவது பயணத்தில் கழன்று ஆற்றோடு போயிற்று, படவிளக்க அட்டை நனைந்ததும் மை கரைந்தது, பூதக்கண்ணாடியில் கீறல். கடைக்குத் தொலைபேசினேன், நீரில் பயன்படுத்தியதால் மாற்றித்தர இயலாது என்றார்கள். ஆற்றுச் சோதனைப் பெட்டியை வேறு எங்கே பயன்படுத்துவது என்று கேட்டதற்கு விடையில்லை. அதன் பிறகு கம்பி வளையத்தில் பழைய காலுறைத் துணியைத் தைத்து நாங்களே வலைகள் செய்துகொண்டோம். காலி ஐஸ்கிரீம் டப்பாக்களே தட்டுகள். படவிளக்கத் தாளையும் மதிப்பெண் அட்டவணையையும் மினிசாஸ் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லேமினேட் செய்துவிட்டால் இரண்டு ஆண்டுகள் தாங்கும். நாங்கள் எடுத்த மதிப்பெண்ணை இடக்குறிப்போடு அதே தளத்தில் பதிவிட, அது நாட்டின் வரைபடத்தில் ஒரு சிறு நண்டுப் படமாகத் தோன்றியது. பிள்ளைகள் பெற்ற பரிசுகளில் அதுவே மிகப் பெரியது என்பேன்.

சனிக்கிழமை வகுப்புக்கும் இது பயன்பட்டது என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். தாளில் எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று ஆயாவிடமும் தாத்தாவிடமும் தமிழில் கேட்டு வரச் சொன்னேன். தட்டான், தும்பி, அட்டை, நத்தை ஆகியவை உடனே வந்துவிட்டன; ஒரு பெண்ணின் ஆயா ஊசித்தட்டானையும் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மே ஈக்கு ஒரு தாத்தா ஈசல் என்று எழுதி அனுப்பியிருந்தார். ஈசல் சிறகு முளைத்த கறையான், நிலத்தில் பிறப்பது. ஆனால் விளக்கைச் சுற்றிப் பறந்து ஒரு நாளுக்குள் மடிவதில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் அந்தத் தவறு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிவப்பு மையால் திருத்தாமல், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடித்து தாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதும்படி பேரனிடமே சொல்லிவிட்டேன்.

ஆற்றங்கரையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பூசைக்குப் பிறகு விட்டுச்சென்ற தேங்காயும் சாமந்தியும் கூடவே பிளாஸ்டிக் பைகளும் சரிகைத் துணியும். தேங்காயும் பூவும் மக்கிவிடும், மற்றவை மக்கா என்று நான் சொல்லத் தொடங்குமுன், அட்டைக்கு 2 மதிப்பெண் என்று குறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "மேம், போன மாசம் இங்கதான் எங்க வீட்டுப் பூசை" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த வாரம் கோயில் நிர்வாகத்திடம் அந்த மூன்று என்ற எண்ணைக் கொண்டுபோய்க் காட்டலாமா என்று வகுப்பே கூடி விவாதித்தது. கரையில் இரண்டு குப்பைத் தொட்டிகள் வைக்கச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு தனியாகப் போகும் ஆசிரியருக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஆறு பேருக்கு ஒரு பெரியவராவது வேண்டும். எட்டு வயதுக்கும் குறைந்தவர்களுக்கு அடையாளம் காணும் பகுதி கடினம். அவர்களைத் தட்டில் பூச்சி பார்க்க மட்டும் விடலாம். மினிசாஸின் அலைபேசிச் செயலி புகைப்படத்தை வைத்துப் பூச்சியின் பெயரைச் சொல்ல முயல்கிறது. நல்ல துணைதான், ஆனால் பிள்ளைகள் முதலில் தாங்கள் நினைப்பதை எழுதிய பிறகே அதைத் திறக்க அனுமதிக்கிறேன். அடுத்த சோதனை ஜூன் மாதம், நீர் வற்றித் தெளிந்திருக்கும்போது, உம்ஹ்லதுசானாவின் அதே வளைவில். புதிய வலைகளுக்கு யாரேனும் பழைய காலுறைகள் தருவதாக இருந்தால் சனிக்கிழமை மண்டபத்தில் கொடுக்கலாம்.