எஸ் மினிஸ்டர்: 11 வருடமாகப் பார்க்கிறேன், ஒரு சிரிப்பு மட்டும் இன்னும் உறுத்துகிறது

போன வாரம் பிடோக்கில் இருக்கும் தோழி கேட்டாள்: "அந்த எஸ் மினிஸ்டர் டிவிடி பெட்டியைக் கொஞ்ச நாளைக்குக் குடேன். பையன் ஜனவரியில அரசாங்க வேலையில சேரப் போறான். பார்த்தா நல்லதுதானே?"

அன்றைக்குத்தான் டிவிடி பிளேயரும் லென்ஸ் மாற்றிப் பழுது பார்த்து வீட்டுக்கு வந்திருந்தது. லண்டனில் படித்துவிட்டு வந்த மாமா மகன் 11 வருடத்துக்கு முன் கொடுத்த பெட்டி இது. டிஸ்க் எந்தப் பகுதியில் ஓடும் என்று குறிப்பதுதான் ரீஜன் எண்; இவை எல்லாம் ரீஜன் 2, நம் சிங்கப்பூருக்கு ரீஜன் 3. எல்லா ரீஜனும் ஓட்டக்கூடிய பிளேயர் என்பதால்தான் இந்தப் பழசைத் திரும்பத் திரும்பச் சரி செய்து வைத்திருக்கிறேன். சரி, கொடுப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தொடரைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. பிரிட்டிஷ் அரசியல் நகைச்சுவைத் தொடர். 1980-ல் பிபிசியில் ஆரம்பித்து, அமைச்சர் ஜிம் ஹாக்கர் பிரதமரான பிறகு எஸ், பிரைம் மினிஸ்டர் என்று பெயர் மாறி, 1988 வரை 38 பகுதிகள். எழுதியவர்கள் ஆண்டனி ஜேயும் ஜொனதன் லின்னும். ஹாக்கர் எந்தக் கட்சி என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். அதனால்தான் எந்த நாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நம் ஊர் ஆள் மாதிரி தெரிகிறார். அவருடைய துறையின் மூத்த அதிகாரி சர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாத்தோர்ன் மூச்சு விடாமல் பேசும் அந்த நீள நீள வாக்கியங்கள் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

என் குறையெல்லாம் மூன்றாவது சீசனின் ஆறாவது பகுதியில், தி விஸ்கி ப்ரீஸ்டில், இருக்கிறது. 1982-ல் வந்தது. ராணுவ அதிகாரி ஒருவர் ஹாக்கரைத் தேடி வந்து, பிரிட்டனில் செய்த வெடிகுண்டுக் கருவிகள் இத்தாலியத் தீவிரவாதிகள் கைக்குப் போகின்றன என்று சொல்கிறார். ஹாக்கர் கொதித்துப் போகிறார். அது நடிப்பில்லை, நிஜமாகவே கொதிக்கிறார். ஹாக்கராக நடிக்கும் பால் எடிங்டனின் முகத்தைப் பாருங்கள். பிரதமரிடம் சொல்லியே தீருவேன் என்று நிற்கிறவர், கட்சிக் கொறடா வந்து நாலு வார்த்தை பேசியதும் கரையத் தொடங்குகிறார். கண் முதலில் விலகும், அப்புறம் குரல் இறங்கும். கெட்டவராக மாறுகிற மாதிரியே இருக்காது. களைத்துப் போகிறவர் மாதிரிதான் இருக்கும்.

பிறகு சர் ஹம்ஃப்ரி வழி சொல்லிக் கொடுக்கிறார். ரொடீசியா வழி. பிரதமருக்குச் சொல்லவும் வேண்டும், அவருக்குப் புரியவும் கூடாது. ஒன்றும் விளங்காதபடி ஒரு கடிதம் எழுதி, அவர் வெளிநாடு கிளம்புகிற நாளில் போய்ச் சேரும்படி அனுப்பிவிட வேண்டும். இந்த இடத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நியாயமாகப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) மீது தடை இருந்தும் அங்கே எண்ணெய் போய்க்கொண்டே இருந்ததை, பிரிட்டனின் பிங்கம் விசாரணை அறிக்கை வெளியே கொண்டுவந்தது 1978-ல். நாலு வருடம் கழித்து அதே பெயரைக் கேட்டதும் கசந்துபோய்ச் சிரித்திருக்கிறார்கள். நானும் முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். சிரித்ததால்தான் அந்த உத்தி மனதில் தங்கியது.

நான் கட்டடப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன். போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், எங்கள் மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மூன்றாம் மாடி அவசர வழிக் கதவு, கைப்பிடியில் சங்கிலி சுற்றிப் பூட்டு. சட்டப்படி குற்றம். ஆனால் அந்த மாடியை எடுத்திருந்தவர்கள் பெரிய வாடிக்கையாளர். மேலாளருக்கு இதைக் கேட்கப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன்? குறிப்பில் 14-ஆவது அம்சமாக, "மூன்றாம் மாடிக் கதவின் பயன்பாடு கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று எழுதி, மேலாளர் சாங்கியில் விமானம் ஏறப் போகும் மாலையில் அனுப்பினேன். அனுப்பும்போதே அது எங்கே கற்றது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பூட்டு 9 நாள் அப்படியே கிடந்தது. கடைசியில் அந்த மேற்பார்வையாளர்தான் நேரே போய்ச் சண்டை போட்டுத் திறக்க வைத்தார்.

இந்த முறை ஹாக்கரைவிட பெர்னார்டையே அதிகம் கவனித்தேன். ஹாக்கரின் கோப்பு தூக்கும் தனிச்செயலாளர். 30 வருடத்தில் 11 அரசாங்கங்களுக்கு வேலை பார்த்ததை ஹம்ஃப்ரி அவனிடம் சொல்கிறார். அத்தனை பேர் கொள்கையையும் நம்பியிருந்தால் புத்தி பேதலித்திருக்கும் என்கிறார். நானும் உங்களைப் போல மனசாட்சியே இல்லாதவனாக ஆகிவிடுவேனா என்று பெர்னார்ட் கேட்கிறான். நன்றாக உழைத்தால் ஆகலாம் என்று வாழ்த்துகிற மாதிரி பதில் வருகிறது. மறுபடியும் கூட்டம் சிரிக்கிறது. பெர்னார்ட் சிரிக்கவில்லை. பெர்னார்டாக நடிக்கும் டெரெக் ஃபோல்ட்ஸ் அந்த ஒரு நொடி அப்படியே நிற்கிறார். மூன்று தடவை பின்னால் ஓட்டி அதையே பார்த்தேன்.

கடைசியில் ஹாக்கர் வீட்டில் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தான் செய்தது தப்பு என்று தெரிந்தே செய்தவர். மனைவி ஆனி அவரைத் திட்டுவதில்லை, ஆறுதல்தான் சொல்கிறாள். முன்பு எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும். இப்போது எரிச்சலாக வருகிறது. தப்பு என்று தெரிந்திருப்பதே பாதி மன்னிப்பு மாதிரி ஆகிவிடுகிறது அங்கே. எனக்கும் தெரிந்துதான் இருந்தது, கதவு திறக்கவில்லையே.

இதைவிட நேர்மையான அரசியல் நாடகம் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு காட்சியும் தெரிந்து எழுதியது. பெட்டியைத் தர மாட்டேன் என்று தோழியிடம் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம், இரண்டு நாளாகப் பேசவில்லை. வேண்டுமானால் அவளே விலைக்கு வாங்கிக்கொள்ளட்டும். வேலையில் சேரப் போகிற பிள்ளைக்கு என் கையால் கொடுக்க மாட்டேன்.