மன்லிஷர்-ஷோனாவர் 6.5×54: நெடுநாள் புழக்கத்தில் தெரிந்தவை

ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆலையிலிருந்து வந்த மன்லிஷர்-ஷோனாவர் வேட்டை ரைபிளின் 1903 மாடல் கார்பைனை (குட்டைக் குழல் வடிவத்தை) வாங்குகிறவர்கள் முதலில் மயங்குவது முழுநீள வால்நட் கட்டையிலும் தட்டையான போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) கைப்பிடியிலும்தான். அழகில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இந்த ரைபிளின் குணம் தோட்டாக்கள் தங்கும் மேகசினில் இருக்கிறது. அடித்தட்டில் ஒரு சிறு துளை இருக்கும். மருந்தில்லாத மாதிரித் தோட்டாவின் முனையால் உள்ளே உள்ள பிடியை அழுத்தி, தட்டை 90 பாகை திருப்பினால் மொத்த அமைப்பும் கையோடு வந்துவிடும். ஓட்டோ ஷோனாவர் வடிவமைத்த சுழல் உருளை அது. ஐந்து தோட்டாக்களும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிப் பள்ளத்தில் கிடக்கும். அந்தப் பள்ளங்கள் 6.5×54 (குழல் 6.5 மி.மீ., கேஸ் எனும் பித்தளைக் கூடு 54 மி.மீ.) தோட்டாவின் நீளத்துக்கும் சரிவுக்கும் மட்டுமே அளந்து கடையப்பட்டவை.

இந்த ரைபிளில் செய்யத்தக்கதும் தகாததும் இந்த ஓர் உண்மையிலிருந்தே வருகின்றன. உருளை, குழலின் முன்தொண்டை (ரைஃப்லிங் எனும் திருகுவரிகள் தொடங்குமுன் உள்ள பகுதி), அந்த வரிகளின் 200 மி.மீ.க்கு ஒரு சுற்று என்ற வேகமான முறுக்கு மூன்றுமே 160 கிரெயின் (சுமார் 10.4 கிராம்) உருண்டைமுனை நீள்குண்டைச் சுற்றி அமைந்தவை. 120 கிரெயின் கூர்முனைக் குண்டைப் போட்டால் இரண்டு இடத்தில் அடி வாங்கும். ஒன்று, குட்டையான தோட்டா சுடும் அதிர்வில் மேகசினுக்குள் முன்னே நகர்ந்து, ஏறும்போது முனை சரிவில் முட்டும். இரண்டாவது, குண்டு ரைஃப்லிங்கைத் தொடுமுன் நீண்ட வெற்றுத் தொண்டையைத் தாண்ட வேண்டியிருப்பதால் குறி பரவும். குழல் தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட சில ரைபிள்கள், சரியான நீளத்தில் 160 கிரெயின் குண்டு கிடைத்ததும் ஒழுங்காகக் குழுமிச் சுடுவதைக் காணலாம். யானை வேட்டையில் பெயர்பெற்ற டபிள்யூ.டி.எம். பெல் 6.5 மி.மீ. குண்டையும் பயன்படுத்தினார். அதற்குக் காரணம் வேகமல்ல. திண்ணிய உறையுள்ள நீள்குண்டு வளையாமல் ஆழமாகப் போகும். இன்று அதைப் பின்பற்றக் கூடாது. ஆபத்தான பெரிய விலங்குகளுக்குப் பல ஆப்பிரிக்க நாடுகளில் குறைந்தபட்ச விட்டச் சட்டம் உண்டு.

தோட்டாவைக் கையால் நிரப்புகிறவர்கள் முதலில் குழலை அளக்க வேண்டும். எண்ணெய் தடவிய குழலுக்குள் மெல்லிய ஈயத் துண்டைத் தட்டித் தள்ளி, வெளிவந்ததை மைக்ரோமீட்டரால் பாருங்கள். குண்டின் விட்டம் 6.70–6.72 மி.மீ. என்பது மனத்தில் இருக்கட்டும். பெயரில் 54 இருந்தாலும் கேஸின் நீளம் 53.65 மி.மீ.தான், அதைத் தாண்டினால் கழுத்து அறைமுனையில் நெருக்கிப் பிடித்து அழுத்தம் ஏறும்.

மருந்தின் எடையை இங்கே எழுதப்போவதில்லை. நூறாண்டைக் கடந்த குழல்களின் தொண்டைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. மருந்துத் தயாரிப்பாளரின் இப்போதைய கையேட்டில், நீங்கள் வைத்திருக்கும் அதே குண்டுக்கும் அதே பிரைமருக்கும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடிக்கும்) தந்த தொடக்க அளவிலிருந்தே ஏற வேண்டும். மேல் எல்லையைத் தொடவே வேண்டாம். இந்தக் குண்டு மெதுவாகப் போய் நன்றாக வேலை செய்வது; வேகம் கூட்டுவதில் லாபம் இல்லை.

கேஸ்கள் கெடும் விதம் தனி. தோள், அதாவது கேஸ் கழுத்தாகக் குறுகும் இடம், சிறியது; சரிவும் மென்மை. சுட்ட கேஸை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சான முழுநீள டையை அடிவரை இறக்கினால் தோள் பின்தள்ளப்பட்டு, ஒவ்வொரு சூட்டிலும் கேஸ் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே நீளும். வெளியே பளபளக்கும் வளையம் தெரிந்தால் அந்தக் கேஸைத் தூக்கிப்போடுங்கள். அதற்கு முன்னமே கண்டுபிடிக்க, நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கேஸுக்குள் விட்டு உள்சுவரை வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் முடிந்தது. டையை அமைக்கும்போது தோளில் மெழுகுவர்த்திக் கரி பூசி, கரி லேசாகத் தொடப்படும் இடத்தில் நிறுத்துங்கள். போல்ட் மெல்லிய எதிர்ப்போடு மூடினால் போதும். மவுசர் கேஸ்களின் அடி பருமன், ஆகவே அவற்றை உருமாற்றி இந்தக் கேஸாக்க முயல வேண்டாம்.

பழைய பெட்டித் தோட்டாக்களைச் சேகரிப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது. அக்காலப் பிரைமரின் உப்பு குழலைத் துருவாக்கும், பாதரசம் பித்தளையை நொறுங்கவைக்கும். யாரோ முன்பு சுட்ட ரைபிள் கைக்கு வந்தால் குழலைக் கொதிநீரால் கழுவிய பிறகே எண்ணெய் போடுங்கள். எண்ணெய் உப்பைக் கரைக்காது. பழைய குண்டுகளின் குப்ரோநிக்கல் (செம்பு-நிக்கல் கலவை) உறை விட்டுச்சென்ற படிவுக்கு அம்மோனியா கலந்த கரைசல் வேண்டும். ஆனால் அதைக் குழலில் நெடுநேரம் ஊறவிடக் கூடாது.

குறி அடிக்கடி நகர்கிறது என்றால் ஸ்கோப்பைப் (குறிபார்க்கும் தொலைநோக்கியைப்) பழிக்குமுன் கட்டையின் முன்முனையைப் பாருங்கள். ஈரக்காலத்தில் மரம் உப்பி, முனைத்தொப்பி குழலை ஒருபக்கம் அழுத்தும். காகிதக் கீற்றை விட்டுப் பார்த்து, நெருக்கும் இடத்தில் மயிரிழையளவு மரம் எடுத்தால் போதும். போல்ட் ஓடும் எஃகுக் கூட்டின் பின்வாலுக்கும் கட்டைக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் அங்கேதான் கட்டை பிளக்கும்.

ஸ்கோப் பொருத்துவதுதான் பெரும் பாடு. போல்ட் கைப்பிடி அந்த எஃகுக் கூட்டின் பின்பாலத்தில் உள்ள பிளவு வழியாக மேலெழுந்து வருவதால் தாழ்வான மவுண்டுக்கு இடமில்லை. பழைய ஆஸ்திரிய, ஜெர்மானிய நகமவுண்ட் (கொக்கிகளால் மாட்டிக் கழற்றும் பிடி) இருந்தால் அதுவே சிறந்தது. பின்பூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் சோதியுங்கள். பழைய ஸ்கோப்களில் உயரத் திருகு மட்டுமே இருக்கும்; பக்கவாட்டைப் பின் அடித்தளத்தில்தான் திருத்த வேண்டும். குழாய் பெரும்பாலும் 26 மி.மீ., அங்குல வளையத்தில் இறுக்கிச் சேதப்படுத்தாதீர்கள். புதிதாகத் துளை போட்டால் சேகரிப்பு மதிப்பு போய்விடும், திரும்ப வராது.

இரட்டை விசையில் பின்விசை இழுத்து வைப்பது, முன்விசை சுடுவது. நடுவில் இருக்கும் திருகை மிகவும் நுண்மையாக வைத்தாலோ, பழைய கிரீஸ் பிசினாகிவிட்டாலோ சிறு தட்டுக்கே விசை விழுந்துவிடும். காலி ரைபிளில் பின்விசையை இழுத்து வைத்து, கட்டையின் பின்முனையை ரப்பர் மேல் தட்டிப் பாருங்கள். விழுந்தால் திருகைத் தளர்த்தாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது.

வாங்கும்போது காலிபர் முத்திரையை நிதானமாகப் படியுங்கள். 1905 மாடல் 9×56, 1908 மாடல் 8×56, 1910 மாடல் 9.5×57. இந்த 8×56 வேறு, ராணுவத்தின் விளிம்புள்ள 8×56ஆர் வேறு. குண்டின் விட்டமே வேறு. ஸ்கோப்போடு வேட்டைக்குப் போவதுதான் நோக்கமென்றால் 1950-க்குப் பிந்திய மாடல்களைத் தேடுங்கள். ஏற்கெனவே யாரோ துளை போட்ட 1903 மலிவாகக் கிடைத்து, குழலும் உருளையும் நன்றாக இருந்தால், சுடுவதற்கு அதைத் தயங்காமல் எடுக்கலாம்.