அமேசான் இன்டர்வியூ: கோடிங் மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்

இன்டர்வியூவுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுப்பேன், வேலைச் சூழலுக்கு மூன்று. அந்த மூன்று, எந்த டீமில் போய் விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நாலாகவும் ஆகும், ஒன்றாகவும் ஆகும்.

அமேசானுக்குத் தயாராகிற நம்ம பசங்க மாதக்கணக்கில் லீட்கோடு என்ற கோடிங் பயிற்சித் தளத்திலேயே கிடக்கிறார்கள். தப்பில்லை, கோடிங் கேட்பார்கள், அனுபவம் இருந்தால் பெரிய மென்பொருளை எப்படிக் கட்டமைப்பீர்கள் என்கிற சிஸ்டம் டிசைனும் கேட்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் தடுமாறியதெல்லாம் 'லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ்', அதாவது எப்படி வேலை பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும் என்று கம்பெனி வகுத்த கொள்கைகள் பற்றிய கேள்விகளில்தான். மொத்தம் 16 கொள்கைகள், கடைசி இரண்டை 2021-ல் சேர்த்தார்கள், எல்லாமே கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கிறது. இன்டர்வியூ எடுக்கிற ஒவ்வொருவரும் இரண்டு மூன்றைப் பிரித்துக்கொண்டு வந்து, "மேனேஜர் சொன்னதை ஏற்காமல் வாதாடிய ஒரு சம்பவம் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று கேட்டே வளர்ந்த நமக்கு அதைப் பெருமையாகச் சொல்ல வாய் வராது, "டீமா சேர்ந்து முடிச்சோம்" என்றுதான் வரும். உடனே, "அதில் நீங்க என்ன செஞ்சீங்க?" என்பார்கள். அப்புறம் எவ்வளவு நேரம் மிச்சமானது, ஏன் அந்த வழி, இன்னொரு வழியை ஏன் விட்டீர்கள் என்று தோண்டிக்கொண்டே போவார்கள். இட்டுக்கட்டிய கதை மூன்றாவது கேள்வியிலேயே பல்லிளித்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'பார் ரெய்சர்' ஏற்பாடு. ஆள் எடுக்கும் டீமுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேனேஜர் ஆள் கிடைத்தால் போதும் என்று பறந்தாலும், இவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சிபாரிசு, 'நம்ம ஆளு' சமாச்சாரமெல்லாம் இங்கே கொஞ்சம் அடங்கும்.

உள்ளே போனால் இதே தோண்டல் காகிதத்தில் தொடரும். 2004-ல் நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் தன் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்தினார், அதற்குப் பதில் ஆறு பக்கத்துக்குள் ஒரு மெமோ. கூட்டம் ஆரம்பித்ததும் எல்லோரும் வாய் திறக்காமல் அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. ஸ்லைடு போட்டு ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவருக்கு இங்கே பெரிய வேலையில்லை, எழுதத் தெரிந்தவருக்குச் சொர்க்கம். எழுத வராதவருக்குச் சனி ஞாயிறு போச்சு.

ஆஃபர் வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தத் தொகையில் ஒரு பங்காக வரும் கம்பெனி ஷேர்களைப் பல வருடங்களாக நாலு ஆண்டுகளுக்கு 5, 15, 40, 40 சதவீதம் என்றுதான் பிரித்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டு பள்ளத்தை ஜாயினிங் போனஸ் போட்டு நிரப்புவார்கள், சரி. ஆனால் பெரும்பங்கு மூன்றாம் ஆண்டுக்கு மேல் இருக்கிறதே, அதுவரை நம்மை வைத்திருப்பார்களா? 2022 கடைசியிலும் 2023-லுமாக 27,000 பேரை அனுப்பினார்கள், 2025 அக்டோபரில் இன்னும் சுமார் 14,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தார்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்ற கனவும் வேண்டாம். 2025 ஜனவரியிலிருந்து வாரம் ஐந்து நாளும் ஆபீஸ்.

இன்டர்வியூவின் கடைசி ஐந்து நிமிடம் உங்களிடம் கேள்வி உண்டா என்பார்கள். "ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்துவிடாதீர்கள். ஆன்கால் (சிஸ்டம் கோளாறானால் எந்த நேரமும் எழுந்து பார்க்கிற முறை) எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வரும், ராத்திரியில் எத்தனை தடவை எழுப்பும், டீமை விட்டுக் கடைசியாகப் போனவர் ஏன் போனார் என்று மேனேஜரிடமே கேளுங்கள். அவர் மழுப்பினால், ஆஃபர் கையில் வந்த பிறகு வேறு டீம் கிடைக்குமா என்று ரெக்ரூட்டரிடம் கேட்டுப் பாருங்கள்.