ஐயூஈ நிறமாலைக் காப்பகம்: யாழ்ப்பாணத்திலிருந்து பயன்படுத்திப் பார்த்ததில்

வேகமாகச் சுழலும் வெப்ப விண்மீன்கள் தம் பொருளைக் காற்றாக வெளியே வீசி எவ்வாறு இழக்கின்றன என்று ஆராய விரும்புபவர் யாழ்ப்பாணத்தில் எத்துணை பெரிய தொலைநோக்கியை நிறுவினாலும் போதாது. அக்காற்றைக் காட்டும் காபன், சிலிக்கன் அயன்களின் முக்கிய நிறமாலைக் கோடுகள் கழியூதாவில் அமைவதால், வளிமண்டலம் அவற்றைத் தரைக்கு விடுவதில்லை. 1978 ஜனவரியில் ஏவப்பட்டு 1996 செப்டெம்பர் வரை இயங்கிய ஐயூஈ (IUE) என்னும் கழியூதா வானியல் செய்மதியின் தரவுகளை, விண்வெளித் தொலைநோக்கித் தரவுகளுக்கான மாஸ்ட் (MAST) இணையக் காப்பகம் கட்டணமோ பதிவோ இன்றித் தருகின்றது. கோப்புகள் சிறியவை, கைப்பேசி இணைப்பே போதும்.

45 சென்ரிமீற்றர் ஆடி மட்டுமே கொண்ட அச்செய்மதி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகளைப் பதிவுசெய்தது. எனினும் இக்காப்பகத்தின் உண்மையான பெறுமதி, ஒரே விண்மீன் பல ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நோக்கப்பட்டிருப்பதிலேயே உள்ளது. எமது வடவானில் தெரியும் காசியோப்பியாவின் காமா விண்மீனை எடுத்துக்கொள்ளலாம். 1866இல் இத்தாலிய வானியலாளர் செக்கி இதில் ஐதரசனின் காலற்கோட்டை, அதாவது பிரகாசமான கோட்டை, கண்டார். அது விண்மீனின் நடுக்கோட்டைச் சூழ்ந்த, மெதுவாக நகரும் அடர்ந்த வட்டிலிலிருந்து வருவது. கழியூதாவிலோ 154.8, 155.1 நனோமீற்றர் காபன் கோடுகளின் குறுகிய அலைநீளப் பக்கத்தில், செக்கனுக்கு 1000 கிலோமீற்றரை விஞ்சும் காற்று வேகத்துக்குரிய ஒடுங்கிய உறிஞ்சல்கள் ஒரு திகதியில் ஆழமாகவும் மற்றொன்றில் அறவே இல்லாமலும் இருக்கின்றன. ஒரு நிறமாலையை மட்டும் பார்த்தவர் இவ்விண்மீனின் காற்றைப் பற்றி எதையும் உறுதியாகக் கூறக்கூடாது.

குறைகளும் உண்டு. முன்னோட்டப் படம் அழகானது, ஆனால் நம்பத்தக்கதன்று. படக்கருவியின் முகப்பில் அளவீட்டுக்காகப் பொறிக்கப்பட்ட புள்ளிகள் போலி உறிஞ்சல்களாகத் தோன்றும். அவற்றை, ஒவ்வொரு அளவீட்டின் நம்பகத்தன்மையைக் காட்டும் தரக்குறி நிரலைக் கொண்டே விலக்க வேண்டும். உயர்பிரிதிறன் கோப்பு ஒன்றையொன்று மேவும் துண்டுகளாக வருவதால், இணைக்கும் வேலை பயனரையே சேரும். பைதன் நிரல்மொழி தெரிந்தவருக்கு இது பெரிதன்று; தெரியாத முதலாம் ஆண்டு மாணவர் இங்கேயே சோர்ந்துவிடுவார்.

இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கு இதனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையுடன். கோட்டின் ஆழத்திலிருந்து கிடைப்பது அந்த அயனின் அளவே. அதைப் பொருளிழப்பு வீதமாக மாற்றுவதற்குக் காபனில் எத்தனை பங்கு அந்த அயன் நிலையில் உள்ளது என்று எடுகோள் கொள்ள வேண்டும். இவ்வகை விண்மீன்களில் அயனாக்கம் மேற்பரப்பு வெப்பநிலைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவை மிஞ்சியிருப்பதால், அவ்வெடுகோளை மாற்றினால் விடையும் பன்மடங்கு மாறும். ஆகவே வீதத்தைவிட மாறுபாட்டையே ஆய்வுப் பொருளாகத் தெரிவு செய்வது நல்லது.