மெனு கார்டா, கியூஆரா, சுவத்துல போர்டா?

செங்கோட்டை தாண்டி புளியரை போற கொல்லம் ரோட்டுல சின்னதா சாப்பாட்டுக்கடை நடத்துதோம், 20 பேர் உக்காரலாம். மூணு வகை மெனுவும் வச்சுப் பாத்தாச்சு, இப்ப போர்டுதான்.

கியூஆர் ரெண்டு மாசம்தான் ஒட்டி வச்சிருந்தோம், அதனால அதப் பத்தி உறுதியா சொல்ல மாட்டேன். காலேஜ் பசங்க ஸ்கேன் பண்ணாங்க, பெரியவங்க "என்ன தம்பி இருக்கு"ன்னு கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

லேமினேட் கார்டு பாக்க அழகு, சாம்பார் பட்டாலும் துடைச்சுக்கலாம். ஆனா விலை மாத்தணும்னு வரும்போதுதான் கஷ்டமே. கோழி விலை அடிக்கடி ஏறி இறங்குது, கார்த்திகை பிறந்தா சாமிமாருக்காக மகரவிளக்கு வரைக்கும் சைவம் மட்டும்னு மாத்திருவோம், அப்ப பாதி கார்டு வீண். மறுபடி பிரிண்ட் போட காசில்லாம வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மேல புது விலை எழுதினோம். ஒரு அம்மா அத நகத்தால சுரண்டிப் பாத்துட்டு "அடியில 90 போட்டுருக்கு, நீங்க 110 கேக்கீங்க"ன்னாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல, எனக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆயிட்டு.

போர்டுல காலைல அடுப்படியில என்ன இருக்கோ அத மட்டும் எழுதுதோம், தீந்தா அழிச்சிருதோம். விலை மட்டுமில்ல, எழுதுன வார்த்தை சரியில்லன்னாலும் உடனே மாத்தலாம், அதுதான் பெரிய லாபம். புட்டு, கடலைக்கறின்னு எழுதியிருந்தோம். மாலை போட்ட சாமி ரெண்டு பேர் கறின்னு பாத்ததும் எந்திரிச்சுட்டாங்க. மலையாளத்துல கறின்னா குழம்பு, நமக்கு கறின்னா ஆட்டுக்கறிதான ஞாபகம் வரும், கடலைன்னா வேற நிலக்கடலை. அங்கனயே அழிச்சு "புட்டு, தேங்கா வறுத்தரைச்ச கொண்டக்கடலை குழம்பு"ன்னு எழுதிட்டு, ஆரியங்காவு, புனலூர்ப் பக்கம் இருந்து வாரவங்களுக்காக கீழ மலையாளத்துல கடலைக்கறின்னே விட்டுட்டோம். பத்து மணிக்கெல்லாம் சட்டி காலி.

குறையும் உண்டு. குற்றால சீசன்ல சாரல் காத்துக்கு சாக்பீஸ் எழுத்து மங்கிருது, வாசல்ல வைக்காம உள்ள லைட்டுக்கு அடியில மாட்டுங்க, எழுத்து கடைசி டேபிளுக்கும் தெரியணும். 15 ஐட்டத்துக்கு மேல போனா போர்டு பத்தாது, பெரிய ஹோட்டல்னா கார்டுதான் வழி, அப்பவும் மீன், கோழி விலைய மட்டும் கார்டுல அடிக்காம போர்டுல எழுதிருங்க.