"இ20 மேப் போட்டால் மைலேஜ் திரும்பும்" என்பவரிடம் டர்போ காரைக் கொடுக்காதீர்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர் பைபாஸ் ஓரம் ஒரு டியூனிங் பட்டறையில் 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் காரின் மூன்றாவது சிலிண்டரைக் கெடுத்து அனுப்பினார்கள். வழக்குப் போடப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். பேச்சைச் சொல்கிறேன், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம்.

"அண்ணே, பங்க்ல இப்ப எல்லாமே இ20. உங்க கம்பெனி செட்டிங் அதுக்கு ஒத்து வராது. மேப் மாத்திட்டா போன மைலேஜ் திரும்ப வந்துரும், இழுவையும் கூடும்."

இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். மேப் என்பது எவ்வளவு எரிபொருள், எப்போது தீப்பொறி என்று ஈசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டர்) சொல்லும் ஃபைல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம் போய்விடும். டேங்கிலேயே இல்லாத சக்தியை லேப்டாப் வைத்து யார் கொண்டுவர முடியும்? கலவை மாறுவதைக் காரே பார்த்துக்கொள்ளும். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்குச் சுமார் 13.5 போதும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து இதைச் சரிக்கட்டிவிடும்.

பட்டறைக்காரர் பேச்சில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும்; ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றையும் குளிர வைக்கும். அதனால் நாக்கிங் தள்ளிப்போகும், இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, சற்று முன்னே நகர்த்த இடம் கிடைக்கும். ஆனால் எவ்வளவு இடம் என்பதை அந்தந்த வண்டியை ஓட்டி, நாக் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ டைமிங்கை எத்தனை டிகிரி பின்னால் இழுக்கிறது என்று பதிவு செய்து பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். என் வண்டியை அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. டீ குடித்து முடிப்பதற்குள் ஃபைலை ஏற்றிவிட்டு, ஒரு கிராஃபைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தார்.

அந்தக் கிராஃபிலேயே குட்டு இருக்கிறது. முழு ஆக்சிலரேட்டர், முழு பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்), அந்த இடத்தில் ஏர்-ஃப்யூவல் (காற்று-எரிபொருள் விகிதம்) 14.7 என்று போட்டிருக்கிறது. "பாருங்க, கரெக்டா வச்சிருக்கேன்" என்றார். பெரும்பாலான மீட்டர்கள் உள்ளே என்ன எரிந்தாலும் பெட்ரோல் கணக்கில்தான் எண்ணைக் காட்டும். அதாவது 14.7 என்றால் லாம்டா 1, எரிபொருள் முழுதாக எரியச் சரியான அளவு காற்று; லாம்டா அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல். சும்மா நிற்கும்போதும் சீராக ஓடும்போதும் அது சரி. முழு பூஸ்டில் லாம்டா 0.8, 0.85 பக்கம் இருக்க வேண்டும். அதே மீட்டரில் 12, 12.5. அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் பிஸ்டனையும் டர்போவையும் சூட்டிலிருந்து காப்பாற்றுகிறது. ஆக, ஒன்று அந்தக் கிராஃப் பொய், இல்லையென்றால் அவருக்குத் தொழிலே தெரியாது.

முதலில் வண்டி பறந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் திருச்சி ரோட்டில் நெல் லாரியை முந்த ஐந்தாவது கியரிலேயே அழுத்தினால், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். போனில் கேட்டதற்கு, "புது மேப் செட்டாகிற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஓட்டிக்கிட்டே இருங்க." இந்தப் பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நாக்கிங் என்று தெரிந்தும் ஓட்டச் சொல்கிறவரை என்ன சொல்வது?

திருச்சியில் வேறொரு மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளி, நடுவில் அலுமினியத் துகள் மின்னியது. பிஸ்டன் ஓரம் உதிர்ந்திருக்கிறது. ஈசியூவைப் படித்துப் பார்த்ததில் டைமிங் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏற்றப்பட்டிருந்தது, பூஸ்டும் கூட்டியிருந்தது, நாக் சென்சார் பின்னால் இழுக்கும் அளவைக் குறைத்துவிட்டிருந்தார்கள். எரிபொருள் பக்கம் கையே வைக்கவில்லை. இதற்குப் பெயர் இ20 மேப்பாம்!

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஈசியூ எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பார்த்துவிட்டு வாரண்டி கிடையாது என்றார்கள். பட்டறைக்காரர் பில்லில் எழுதியிருந்ததோ "ஜெனரல் செக்கப்". பழைய ஃபைலைக் கேட்டால் "சேவ் பண்ணல". அது இல்லாமல் திரும்ப மாற்றுவதற்குத் தனிச் செலவு.

பணம் அனுப்பிய ஜிபே பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, அந்தக் கிராஃப், திருச்சிக்காரர் எழுத்தில் தந்த அறிக்கை எல்லாம் வைத்துத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இதே ஃபைலோடு யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால், பழைய மேப் திரும்பும்வரை பங்க்கில் கிடைப்பதிலேயே ஆக்டேன் அதிகமான பெட்ரோலைப் போடுங்கள், பெரிய கியரில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அழுத்தாதீர்கள், பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். அவரிடம் ஏமாந்தவர்கள் கையில் பில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், மனுவோடு சேர்த்துக் காட்ட உதவும்.