ஜிமெயில் டெம்ப்ளேட்டா, கூகுள் டாக்ஸ் கோப்பா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் மெயில் பார்ப்பது என் வேலை. சித்திரைத் திருவிழா நெருங்கினால் "விலைப்பட்டியல் அனுப்புங்க" என்ற ஒரே கேள்விதான் நாள் முழுக்க. அதற்கான பதிலை ஜிமெயில் டெம்ப்ளேட்டாக (ஒருமுறை எழுதிச் சேமித்துவைத்து, வேண்டும்போது மெயிலில் எடுத்துப் போடும் பதில்) வைப்பதா, கூகுள் டாக்ஸ் கோப்பில் (இணையத்தில் பலர் சேர்ந்து திறந்து திருத்தும் ஆவணம்) வைப்பதா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன்.

செலவு: இரண்டுமே இலவசம்.

வேகம்: டெம்ப்ளேட்தான். அமைப்புகளில் ஒருமுறை இயக்கிவிட்டால், மெயில் எழுதும் பெட்டியின் மூன்று புள்ளியை அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். டாக்ஸில் தேடி, நகலெடுத்து, ஒட்ட வேண்டும்.

போன்: ஜிமெயில் செயலியில் டெம்ப்ளேட் கிடையாது, கணினி வேண்டும். டாக்ஸ் போனிலும் திறக்கும்.

பகிர்வு: டெம்ப்ளேட் அந்தக் கணக்கோடு சரி, அதுவும் 50 வரைதான். டாக்ஸில் ஒருவர் விலையைத் திருத்தினால் எல்லோருக்கும் புது விலை தெரியும்.

பிழை: இரண்டிலும் உண்டு. போன மாதம் திண்டுக்கல் அக்காவுக்குப் போன மெயிலில் தேனி அண்ணாச்சியின் பெயர் இருந்தது. அக்கா வருத்தப்பட்டார், எனக்கும் மனசு கேட்கவில்லை. அப்புறம் பெயர் வரும் இடத்தில் '@@@@' என்று போட்டுவிட்டேன். கண்ணில் படாமல் போகாது. பெறுநர் முகவரியையும் கடைசியில்தான் இடுகிறேன்.

ஒருவரே கணினியில் உட்கார்ந்து பதில் போடும் கடைக்கு டெம்ப்ளேட் போதும். நாலு பேர் போனில் பதில் சொல்லும், விலை அடிக்கடி மாறும் கடை என்றால் டாக்ஸுக்கே போங்கள்.